பன்னீர் ரோஜாவின் மணப்பொருள்: ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் பற்றி முழுமையான வழிகாட்டி

சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் பன்னீர் ரோஜா மூட்டையை அவிழ்க்கும்போது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் வாசம் எட்டும். அந்த வாசத்தில் பல பொருள்கள் உண்டு. அளவில் முதலிடம் ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலுக்கு. வேதியியல் புத்தகத்தில் இதை 2-ஃபீனைல்எத்தனால் என்பார்கள். வாசனைப் பொருள் வியாபாரத்தில் பி.இ.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். கல்யாண வீட்டுப் பன்னீர், குளியல் சோப்பு, மூக்கில் அடிக்கும் சில மருந்து ஸ்ப்ரே என்று நாம் தினம் தொடும் பலவற்றில் இது இருக்கிறது.

வீட்டில் நல்ல பன்னீர் வடிக்க விரும்புகிறவர்கள், சோப்புக்கு ரோஜா மணம் கலக்க நினைக்கிறவர்கள், பிளஸ் டூ, கல்லூரி வேதியியல் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரோஜாவைக் காய்ச்சி வடிக்கும்போது எண்ணெய்தான் உயர்ந்தது, தண்ணீர் மிச்சப்பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தச் சேர்மத்தைப் பொறுத்தவரை அது தப்பு. இது தண்ணீரோடு போகும் பொருள். அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பொருளின் தன்மை

ஒரு பென்சீன் வளையம், அதிலிருந்து நீளும் இரண்டு கார்பன், இரண்டாவது கார்பனில் ஓ.ஹெச். தொகுதி. அமைப்பு அவ்வளவுதான். ஓ.ஹெச். நேராக வளையத்தில் ஒட்டாததால் இது பீனால் அல்ல. ஃபெரிக் குளோரைடு விட்டால் பீனாலுக்கு வரும் ஊதா நிறம் இதற்கு வராது. ஒரு கார்பன் குறைந்தால் பென்சைல் ஆல்கஹால். அந்த ஒரு கார்பன் வித்தியாசத்திலேயே மணம் அடியோடு மாறிவிடுகிறது. பென்சைல் ஆல்கஹாலில் ரோஜா வாசம் கிடையாது, லேசான இனிப்பு வாடை மட்டும்தான்.

நிறமில்லாத, கொஞ்சம் கெட்டியான திரவம். மூலக்கூறு எடை 122. கொதிநிலை சுமார் 220 டிகிரி செல்சியஸ், உறைநிலை மைனஸ் 27 டிகிரிக்குப் பக்கம். அடர்த்தி 1.02, அதாவது தண்ணீரைவிட ஒரு துளி கனம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். எண்ணெய் போல மிதக்காது, முத்துப் போலத் திரண்டு மெதுவாகக் கீழே இறங்கும். கரண்டியால் கலக்கினால் கரைந்து காணாமல் போகும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 20 கிராம் வரை கரையும். எத்தனாலில் எந்த விகிதத்திலும் கலக்கும்.

மாணவர்களுக்கு இன்னும் கொஞ்சம்: இது முதன்மை ஆல்கஹால். கடுமையாக ஆக்சிஜனேற்றம் செய்தால் பென்சாயிக் அமிலம் வரை போகும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் ஒரு மூலக்கூறு நீர் போய் ஸ்டைரீன் கிடைக்கும், தெர்மாகோல் செய்யும் மூலப்பொருள் அதுதான். காரத்தை நன்றாகத் தாங்கும். சோப்புத் தயாரிப்பில் இதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இந்தக் குணத்தால்தான். காற்றுப்படத் திறந்து வைத்தால் மெல்ல ஆக்சிஜனேற்றமாகி, ரோஜா வாசத்தோடு ஒரு பச்சை வாடை சேரும். பழுப்பு நிறப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடி வையுங்கள்.

எண்ணெயில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது

எண்ணெய்க்காக வளர்க்கும் டமாஸ்க் ரோஜாவைக் காய்ச்சி வடித்தால் மேலே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதக்கும். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று, நான்கு டன் பூ வேண்டும், அதனால்தான் அதற்கு அந்த விலை. ஆனால் அந்த எண்ணெயில் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் பெரும்பாலும் 3 சதவீதத்துக்குள்தான் இருக்கும். மீதி சிட்ரோனெல்லால், ஜெரானியால், நெரால் போன்றவையும் மெழுகுப் பொருள்களும். அந்த மெழுகால்தான் ஏற்காட்டு மார்கழிக் குளிரில் ரோஜா எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்கும்.

அதே பூவைச் சூடு காட்டாமல் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் சாரத்தில், இந்தச் சேர்மம் பாதிக்கு மேல் இருக்கும். பூ ஒன்றுதான், எடுக்கும் முறைதான் வேறு. ஆவியோடு கிளம்பிய ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் குளிர்ந்ததும் தண்ணீரில் கரைந்துவிடுகிறது, எண்ணெய்க்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். சிட்ரோனெல்லாலும் ஜெரானியாலும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம்கூடக் கரையாதவை, அவை மேலே ஒதுங்கி எண்ணெயாகின்றன.

பல்கேரியாவிலும் துருக்கியிலும் எண்ணெய் எடுப்பவர்கள், முதலில் வடித்த தண்ணீரைக் கொட்டாமல் திரும்பவும் காய்ச்சி அதிலிருந்து இன்னும் எண்ணெய் எடுக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் அத்தர் செய்பவர்கள் வேறு வழி கண்டார்கள். ஆவியை நேராகச் சந்தன எண்ணெய்க்குள் விட்டு, அது மணத்தைப் பிடித்துக்கொண்டதும் தண்ணீரைப் பிரித்துவிடுகிறார்கள். நமக்கு எண்ணெய் வேண்டாம், பன்னீர்தான் வேண்டும். ஆகவே நம் வேலை இரண்டு பேருடையதையும்விட எளிது.

வீட்டில் பன்னீர் வடிக்கும் முறை

பூவில்தான் எல்லாம் இருக்கிறது. பொக்கே கடையில் நீளக் காம்போடு விற்கும் ஓசூர் ரோஜா பார்க்க அழகு, வடிப்பதற்கு உதவாது. இளஞ்சிவப்பில், இதழ் நெருக்கமாக, தொட்டால் உதிர்ந்துவிடும் பன்னீர் ரோஜாதான் வேண்டும். மார்க்கெட்டில் வாங்குவதானால் முகூர்த்த நாளையும் அதற்கு முந்திய நாளையும் தவிர்த்துவிடுங்கள், விலையும் ஏறியிருக்கும், நல்ல பூவெல்லாம் மாலைக்குப் போயிருக்கும். வாங்கும்போது மருந்து அடித்த பூவா என்று கேளுங்கள். முகத்தில் பூசவோ பாயசத்தில் விடவோ போகிறீர்கள் என்றால் வீட்டுத் தோட்டத்துப் பூ, அல்லது தெரிந்தவர் மருந்தில்லாமல் வளர்த்த பூ மட்டும் போதும். மொட்டை மாடித் தொட்டியில் நான்கைந்து செடி வைத்து, பூக்கும் நாளெல்லாம் வடிக்காமல் நல்ல கொத்து கிடைக்கும்போது மட்டும் வடிப்பது நடக்கக்கூடிய வழி.

பறிக்கும் நேரம் விடியல், பனி காயும் முன்பு. வெயில் ஏற ஏற இதழிலிருந்து மணம் காற்றில் போய்விடும். சேலம் சித்திரை வெயிலில் ஒன்பது மணிப் பூவுக்கும் ஆறு மணிப் பூவுக்கும் உள்ள வேறுபாட்டை மூக்கே சொல்லிவிடும். பறித்த பூவைப் பிளாஸ்டிக் பையில் அமுக்கி வைக்காதீர்கள், உள்ளே சூடேறிப் புளித்த வாடை வரும். முறத்தில் பரப்பி, காம்பையும் பச்சை இதழையும் கிள்ளிவிட்டு, ஒரு முறை தண்ணீரில் அலசி உடனே அடுப்பேற்றுங்கள்.

கால் கிலோ ஆய்ந்த இதழுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். நல்ல குடிநீர் போதும். உப்பு மிகுந்த போர் தண்ணீர் என்றால் பாத்திரத்தில் பொருக்குத் தட்டும், அது வேண்டாம். பாத்திரம் எவர்சில்வர் அல்லது வெள்ளீயம் பூசிய செம்பு. அலுமினியம் வேண்டாம்.

அடிகனமான அகலப் பாத்திரத்தின் நடுவில் சுத்தமான ஒரு கல் அல்லது சிறிய ஸ்டாண்டு வையுங்கள். அதைச் சுற்றி இதழும் தண்ணீரும். கல்லின் மேல் ஒரு கிண்ணம், அதன் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும். குமிழ் நடுவில் இருக்கும் குவிந்த மூடியைக் கவிழ்த்து மூடுங்கள், குமிழ் கீழ்நோக்கிக் கிண்ணத்துக்கு நேராக வரட்டும். மூடியின் குழிவில் ஐஸ் கட்டிகள். ஆவி எழுந்து குளிர்ந்த மூடியில் பட்டு, குமிழ் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் விளிம்பைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டுங்கள். ஆவி போகும் ஒவ்வொரு இடைவெளியிலும் வாசம் போகிறது என்று அர்த்தம்.

குக்கரில் வெயிட்டைக் கழற்றிவிட்டுக் குழாய் மாட்டி வடிப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. வெந்த இதழ் ஒன்று ஆவித் துளையில் போய் ஒட்டிக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடும். கவிழ்த்த மூடி முறையில் அந்தப் பயமே இல்லை.

தீ எப்போதும் சிம்மில். தளதளவென்று கொதித்தால் இதழ்ச் சாறு தெறித்துக் கிண்ணத்தில் விழுந்து பன்னீர் கலங்கும். ஐஸ் உருகி வெதுவெதுப்பானதும் கரண்டியால் மொண்டு எடுத்துப் புது ஐஸ் போடுங்கள். மே மாதம் சேலத்தில் குழாய்த் தண்ணீரே சூடாக வரும், ஐஸ் இல்லாமல் நடக்காது. இதே வேலையை ஏற்காட்டில் செய்தால் பச்சைத் தண்ணீரே போதுமான குளிர்ச்சியாக இருக்கும். இன்னொரு வசதியும் மலையில் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு குறைந்தால் இதழ் வெந்த வாடையும் குறையும்.

இப்போது முக்கியமான இடம். முதல் 100 மில்லி வந்ததும் கிண்ணத்தை மாற்றுங்கள், அடுத்த 100-க்கும் அப்படியே. இடுக்கியும் கைத்துணியும் வைத்துக்கொள்ளுங்கள், ஆவி சுடும். மூன்றையும் தனித்தனியாக முகர்ந்து பாருங்கள். முதல் கிண்ணத்தில் கூர்மையான, கொஞ்சம் எலுமிச்சைச் சாயல் கொண்ட மணம் இருக்கும், சீக்கிரம் ஆவியோடு வரும் பொருள்கள் அதில் அதிகம். ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் கொஞ்சம் பின்தங்கியே வரும், ஆகவே இரண்டாவது கிண்ணத்தில் அந்த மெல்லிய, தேன் கலந்தது போன்ற ரோஜா மணம் நன்றாகத் தெரியும். மூன்றாவதில் வெந்த கீரை வாசம் எட்டிப் பார்க்கத் தொடங்கும். அது வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆசைப்பட்டு ஒரு லிட்டருக்கு முக்கால் லிட்டர் வடித்தால் கிடைப்பது மணமில்லாத வெந்நீர். 250, மிஞ்சினால் 300 மில்லி போதும்.

முதல் இரண்டையும் கலந்து, கொதிக்க வைத்துக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். வடித்த அன்று லேசான அடுப்பு வாடை இருக்கும், சில நாளில் அடங்கி மணம் தெளிந்துவிடும். அன்றைக்கே முகர்ந்துவிட்டு சரியில்லை என்று கொட்டிவிடாதீர்கள். இன்னும் வீரியம் வேண்டுமென்றால், மூன்றாவது கிண்ணத்துத் தண்ணீரையும் முதல் தடவைப் பன்னீரில் ஒரு பங்கையும் புதுத் தண்ணீரோடு சேர்த்து, புது இதழ் போட்டு மறுபடி வடியுங்கள்.

இதில் பதப்படுத்தி எதுவும் இல்லை. ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலுக்குக் கிருமிகளை அடக்கும் குணம் உண்டு என்பது உண்மைதான், ஆனால் அதற்கு 0.25 முதல் 0.5 சதவீதம் வேண்டும். வீட்டுப் பன்னீரில் அவ்வளவு இருக்காது. ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நூல் போல ஏதாவது மிதந்தால், கலங்கினால், கொட்டிவிடுங்கள். கண் எரிச்சலுக்குப் பன்னீர் விடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. வீட்டில் வடித்ததையும் சரி, கடைப் பாட்டிலையும் சரி, கண்ணுக்குள் விடாதீர்கள். கண் மருந்துக்குக் கிருமி நீக்கிய திரவம் வேண்டும், இது அதுவல்ல.

ஆலையில் எப்படிச் செய்கிறார்கள்

உலகச் சந்தையில் புழங்குவதில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. 1876-இல் ராட்சிஷெவ்ஸ்கி என்ற வேதியியலாளர் ஃபீனைல் அசிட்டால்டிஹைடை ஒடுக்கி, அதாவது ஹைட்ரஜன் ஏற்றி, இதை முதலில் தயாரித்தார். ரோஜாவில் இது இருக்கிறது என்று கண்டுகொண்டது அதற்குப் பிறகு, 1900-இல். செய்து பார்த்த பிறகுதான் பூவில் இருப்பது தெரிந்திருக்கிறது. எண்ணெயை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தால் வேறென்ன நடக்கும்?

ஆய்வகத்தில் சோடியமும் தனி ஆல்கஹாலும் கொண்டு எத்தில் ஃபீனைல் அசிட்டேட்டை ஒடுக்கலாம், இது பூவோ-பிளாங்க் முறை. ஃபீனைல் மெக்னீசியம் புரோமைடு என்ற கிரிக்னார்டு வினைபொருளோடு எத்திலீன் ஆக்சைடைச் சேர்த்து, பிறகு நீர்த்த அமிலம் விட்டும் எடுக்கலாம். வளையத்தோடு ஒரே அடியில் இரண்டு கார்பன் சேருவதால் இந்த வினையைத் தேர்வில் அடிக்கடி கேட்பார்கள். ஆலைகளில் நெடுநாள் ஓடியது ஃபிரீடல்-கிராஃப்ட்ஸ் முறை: நீரற்ற அலுமினியம் குளோரைடு முன்னிலையில் பென்சீனும் எத்திலீன் ஆக்சைடும். குளிர வைத்தே செய்ய வேண்டும். இப்போது ஸ்டைரீன் ஆக்சைடை நிக்கல் போன்ற வினையூக்கியோடு ஹைட்ரஜனேற்றம் செய்யும் முறை பரவலாக இருக்கிறது, கிடைக்கும் மணமும் சுத்தம்.

இதில் எதையும் வீட்டிலோ மாடி அறையிலோ முயலக் கூடாது. எத்திலீன் ஆக்சைடு வெடிக்கும் வாயு. அதுவும் பென்சீனும் புற்றுநோய் உண்டாக்குபவை. கல்லூரி ஆய்வகத்திலும் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஈஸ்ட் வழியும் இருக்கிறது, என் மனதுக்கு நெருக்கமானது அதுதான். ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை ஈஸ்ட்டுக்குக் கொடுத்தால் அது அமினோ தொகுதியைக் கழற்றி, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி, மிஞ்சும் ஆல்டிஹைடை ஒடுக்கி ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலாக்கிவிடும். 1907-இல் ஃபீலிக்ஸ் எர்லிக் விளக்கிய பாதை. ரொட்டியிலும் ஒயினிலும் சில சமயம் மெல்லிய பூ மணம் வருவது இதனால்தான். சிக்கல் என்னவென்றால் லிட்டருக்குச் சில கிராம் சேர்ந்ததும் அது ஈஸ்ட்டையே முடக்கிவிடுகிறது, ஆகவே சேரச் சேரப் பிரித்தெடுக்க வேண்டும். இயற்கை என்ற லேபிளோடு வருவதில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான், விலையும் பல மடங்கு.

கடைப் பன்னீரை எப்படிப் பார்ப்பது

கடையில் விலை மலிவாகக் கிடைக்கும் பன்னீரில் பல, தண்ணீரில் செயற்கை ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலைக் கரைத்தவை. மூலக்கூறு ஒன்றேதான், பூவில் வந்ததும் ஆலையில் வந்ததும் வேறு வேறு அல்ல. விசேஷத்தில் தெளிக்க அது தாராளமாகப் போதும். ஆனால் வடித்த பன்னீரில் ஜெரானியால், சிட்ரோனெல்லால், ரோஸ் ஆக்சைடு என்று நுணுக்கமான துணை மணங்கள் இருக்கும். கரைத்ததில் ஒரே சுருதிதான். உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். வடித்தது மாறிக்கொண்டே இருக்கும், கரைத்தது அப்படியே நிற்கும். லேபிளில் வாசனைத் திரவியம், பதப்படுத்தி, எண்ணெயைத் தண்ணீரில் கரைக்கும் பொருள் என்று வரிசையாக இருந்தால் அது கரைத்தது. சமையலுக்கு, உணவுத் தரம் என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள்.

பயன்கள்

சமையலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு ஜவ்வரிசிப் பாயசத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு ஸ்பூன் பன்னீர். கொதிக்கும்போது விட்டால் எல்லாம் ஆவியோடு போய்விடும். இதழையே கற்கண்டோடு அடுக்கி வெயிலில் வைக்கும் குல்கந்தில் கொதிக்கும் வேலையே இல்லை, அதனால் மணம் அதற்குள்ளேயே தங்குகிறது.

சோப்பு செய்பவர்களுக்கு இது நல்ல துணை. பல மணப்பொருள்கள் காஸ்டிக் சோடா காரத்தில் சிதையும், இது நிற்கும். தனியாகப் போட்டால் மணம் தட்டையாக இருக்கும். தொடங்குவதற்கு ஒரு கலவை: ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் 5 கிராம், சிட்ரோனெல்லால் 3 கிராம், ஜெரானியால் 2 கிராம், கிராம்பு எண்ணெய் ஒரே ஒரு துளி. சொட்டுக் கணக்கில் அளக்காமல் தராசில் நிறுத்து, மூடி ஒரு வாரம் வைத்துவிட்டு முகருங்கள். பச்சையாகத் தோன்றினால் ஜெரானியாலைக் குறையுங்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு இந்தக் கலவை 20 கிராம் போதும். ஜெரானியாலும் சிட்ரோனெல்லாலும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். ஐரோப்பிய ஒன்றியம் லேபிளில் பெயர் போட்டே ஆக வேண்டும் என்று வைத்த பட்டியலில் இரண்டும் உண்டு. முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டே அடுத்தவருக்குக் கொடுங்கள். விற்பதானால் 2020 அழகுசாதன விதிகளின்படி மாநில உரிமம் எடுக்க வேண்டும். எத்தனாலில் கரைத்து சென்ட் செய்ய நினைத்தால் சாராய வகைக்குத் தனி அனுமதி தேவை. வீட்டு அளவுக்கு எண்ணெயில் கலந்த ரோல்-ஆன் போதும்.

மருந்தில் இதன் வேலை பதப்படுத்துவது. ஃப்ளூட்டிகசோன் மூக்கு ஸ்ப்ரே சிலவற்றில் 0.25 சதவீதம் இருக்கிறது, அடித்ததும் பூ வாசம் வருவது அதனால்தான். நுண்ணுயிர் ஆய்வகத்தில் அதே அளவு சேர்த்த அகார் ஊடகம், அதாவது பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி, உண்டு. கிராம் சாயச் சோதனையில் பிரிக்கும் இரண்டு வகைகளில் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவை அடக்கி, கிராம் பாசிட்டிவை மட்டும் வளரவிடும். தட்டு முழுக்கப் படர்ந்து மற்றதை மறைக்கும் புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவை நிறுத்த இதைப் பயன்படுத்துகிறார்கள்.

கோவிட்டுக்குப் பிறகு வாசனை தெரியாமல் தவித்தவர்கள் நம்மைச் சுற்றியும் இருந்தார்கள். அவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் முகர்தல் பயிற்சியில் நான்கு மணங்கள் உண்டு: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. ரோஜாவுக்கு வைப்பது இந்த ஃபீனைல் எத்தில் ஆல்கஹால்தான். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் பத்து விநாடி, பன்னிரண்டு வாரம். மூக்கில் எரிச்சலைத் தூண்டாமல் மணத்தை மட்டுமே தரும் பொருள் என்பதால் முகரும் திறனை அளக்கும் பரிசோதனையிலும் இதையே எடுக்கிறார்கள். பயிற்சியைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

கையாளும்போது

நீர்க்காத திரவம் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஊற்றுங்கள், பட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள். தீப்பற்றும் வெப்பநிலை 100 டிகிரிக்குப் பக்கம், ஆகவே சாதாரண அறையில் சட்டென்று பற்றாது, இருந்தாலும் அடுப்பிலிருந்து தள்ளியே வையுங்கள். வாசம் நன்றாக இருக்கிறதே என்று குழந்தைகள் வாயில் வைத்துவிடுவார்கள், பாட்டிலில் பெயர் எழுதி உயரமான அலமாரியில் வைத்துவிடுங்கள். வடித்து முடித்த இதழை ஆறவைத்துச் செடிகளுக்கு எருவாகப் போடலாம். பாத்திரத்தில் மிஞ்சிய பழுப்புத் தண்ணீரை வடிகட்டி ஆறிய பிறகு அதே தொட்டியில் ஊற்றிவிடலாம்.